மூன்றாம் விலாவுக்குக் கீழே

பயிற்சியின் ஒன்பதாம் கிழமை.
ஈயக் கவசம் என்னைவிட இரண்டு அளவு பெரிது.
சிங்களத்தில் எனக்குச் சரளமாய் வருவது
நாடியை உயர்த்துங்கோ, தோளை முன்னுக்குத் தள்ளுங்கோ,
மூச்சை இழுத்து அடக்குங்கோ.
இவ்வளவுதான்.
தமிழிலும் அந்த அறைக்குள்
இதற்கு மேல் நான் பேசியதில்லை.

துண்டில் அருமைத்துரை என்றிருந்தது. வயது நாற்பத்து நான்கு.
பாலையூற்றில் ஓட்டோ ஓடுகிறவர்.
கட்டாருக்குப் போகக் கொழும்பில் மெடிக்கல்;
அதற்கு முதல் இங்கே ஒருதரம் பார்த்துவிட
இருமல் என்று டொக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறார்.
என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டுச்
சும்மா ஒருக்கால் இருமியும் காட்டினார்.

முதல் படத்தில் வலது பக்கம்,
மூன்றாம் விலாவுக்குக் கீழே
வெள்ளையாய் ஒரு பொட்டு.
எலும்பைவிட வெள்ளை.

பொக்கற்றில காசு கிடக்குது ஐயா, எடுத்து வையுங்கோ.
சேர்ட் கதிரையில கிடக்குது தங்கச்சி.
தாயத்து?
நான் வேதக்காரன்.
அப்ப சிலுவை?
கழட்டித் தந்திட்டன். உங்கட கையில.

கையை விரித்துப் பார்த்தேன். இருந்தது.

பிறகு அவரே மெல்லக் கேட்டார்:
அது இன்னும் அங்கதான் நிக்குதோ?
கொஞ்சம் பொறுத்து:
உதை அழிக்கேலாதோ?

கணினியில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்,
ஓரங்களை வெட்டலாம்.
மூன்றாம் விலா ஓரமல்ல.

எவ்வளவு ஆழம் என்று தெரியவேண்டும்,
பக்கவாட்டில் ஒன்று எடு என்றார் நிமாலி மிஸ்.
பக்கவாட்டுக்குக் கைகளை மேலே தூக்க வேண்டும்.
நான் சொல்ல முதலே அவர் தூக்கினார்,
உள்ளங்கை இரண்டும் முன்னுக்குத் தெரிய.
அடக்குங்கோ என்றேன்.
அழுத்தினேன்.
படம் துப்பரவாக விழுந்தது. முதுகுப் பக்கம்,
தோலிலிருந்து இரண்டு விரல் உள்ளே,
ஓரம் கிழிந்த அரிசிமணி மாதிரி.
புத்தகத்தில் இப்படி ஒரு படம் இல்லையே என்று
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவரும் நின்றார்,
தூக்கிய கையோடு, இழுத்த மூச்சோடு,
முகம் கறுத்துக்கொண்டு வர.
விடுங்கோ என்று
நான் இன்னும் சொல்லவில்லை.

உவர்மலை அறையில் இரவு
ரிஸ்மியா உளவியல் டிப்ளோமாவுக்குப் படிக்கிறாள்.
மனவடு என்ற சொல்லுக்கு அடியில் பச்சை மையில் கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கறை.
கதை முழுக்கக் கேட்டாள்.
பிறகு என்ன கேட்டாய் அவரிட்ட?
ஒண்டுமில்லை. அடுத்த ஆள் எண்டு கூப்பிட்டன்.

அவள் ஏசவில்லை.
இன்று அவளுக்கும் வகுப்பில் செய்முறை:
ஒருத்தி சொல்ல, மற்றவள் சும்மா இருக்க வேண்டும்.
நான்காவது செக்கனிலேயே இவள்
புத்தி சொல்லத் தொடங்கிவிட்டாளாம்.
இருபதுக்கு ஏழு.
படம் எடுக்கிறது சுகமடி என்றாள்,
உங்களுக்கு அடக்கச் சொல்ல ஒரு பொத்தானாவது இருக்கு.
எங்கட பாடத்தில
நாங்கள்தான் அடக்க வேணும்.

சிரித்தபடி கோட்டை மடிக்கப் போனேன்.
பையில் ஏதோ தட்டுப்பட்டது.
வலது பக்கத்தைக் குறிக்க ஒட்டும் ஈய எழுத்து.
அதோடு நூல் சுற்றிக்கொண்டு அவருடைய சிலுவை.

கேட்காமலே போயிருக்கிறார்.
பஸ் நிலையத்தில் பின்னேரம் ஒரு மான்
யாரோ எறிந்த எக்ஸ்ரே உறையைத்
தின்றுகொண்டு நின்றதைப் பார்த்தேன்.
அது அவருடையதாய் இருக்காது. இருக்காதுதான்.
ஆனால் படத்தை வாங்கிக்கொண்டு போகும்போது
அவர் அதை ஒரு தரமும் பிரித்துப் பார்க்கவில்லை.

நாளைக்குப் பாலையூற்றுச் சந்தியில் இறங்கி
ஓட்டோக்களுக்குள் தேட வேண்டும்.
சிலுவையைக் கொடுத்தவுடனே திரும்பாதை என்கிறாள் ரிஸ்மியா,
விளக்கை அணைத்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து.
பத்து மட்டும் எண்ணு.
வாய்க்குள்ள.
அதுக்குள்ள பஸ் போனால்
போகட்டும்.